தடா ஓடைப் பாதை: நவம்பரா, பொங்கல் கழிச்சா?

ஒத்தவாடை
திருவொற்றியூரில் இருந்து 10 பேர். அதில் 12 வயசுப் பசங்க 2 பேர், 55 தாண்டின பெரியவர் ஒருத்தர். ஞாயிறு காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பணும். இடம் ஆந்திராவுல இருக்கிற உப்பலமடுகு, அதாவது நாம சொல்ற தடா அருவி. வரதய்யபாளையம் தாண்டி செக்போஸ்ட், காட்டுப் பாதை, அப்புறம் ரெண்டு பக்கமும் பாறைச் சுவர் நிக்கிற ஓடை வழியா அருவி. நவம்பர் நடுவுல போகலாம்னு பாதிப் பேர், பொங்கல் கழிச்சுன்னு பாதிப் பேர். "ஓடைக்குள்ள மூணு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம்"னு எல்லாரும் சொல்றாங்க. அது சரியா? விவரம் தெரிஞ்சவங்க அடிச்சுக்காம சொல்லுங்க.

ராயபுரம் ராக்கெட்
நவம்பர்தான் நைனா, இதுல என்ன கேள்வி? அந்த ஓடைக்குத் தண்ணி வர்றதே வடகிழக்குப் பருவமழையில. அக்டோபர் கடைசியில இருந்து டிசம்பர் வரைக்கும்தான் அருவி அருவியா இருக்கும். பொங்கல் கழிச்சுப் போனா பாறை மேல கோடு போட்ட மாதிரி ஒழுகும். அதைப் பாக்க 80 கிலோமீட்டர் வண்டி கட்டணுமா? சின்ன மலை, நீர்ப்பிடிப்பும் சின்னது. மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடிச்சா ஏறின வேகத்துலயே வடிஞ்சிடும். மூணாவது நாள் போங்க, குளிங்க, வாங்க.

மேகம் பார்ப்பவன்
"ஏறின வேகத்துலயே"ன்னு நீங்களே சொல்லிட்டீங்களே ராக்கெட், அந்த ஏறுற வேகம்தான் வில்லங்கம். ஒரு சதுர கிலோமீட்டர் மலையில 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்குல 4,000 லாரிக்கு மேல. நம்ம ஊர்னா அது தெருத்தெருவாப் பரவி முட்டளவு நிக்கும். அங்க மண்ணு கம்மி, பாறை அதிகம், உறிஞ்ச எதுவும் இல்ல. அத்தனையும் ஒரு சந்துக்குள்ள வந்து சேரணும்.

இன்னொண்ணு, நவம்பர் மழை கடல்ல இருந்து வர்ற மழை. காலையில சுள்ளுனு வெயில் அடிச்சாலும் நம்ப முடியாது, எந்நேரமும் கொட்டலாம். பாறைச் சுவருக்கு நடுவுல நின்னா வானம் ஒரு கீத்துதான் தெரியும். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கிறப்பவே மேல, மலைக்குப் பின்னால, மழை பெஞ்சிட்டு இருக்கலாம்.

வீட்டுல இருந்தே பாக்க ஒரு அடையாளம் இருக்கு. பிச்சாட்டூர் அணையில தண்ணி திறந்துவிட்டு ஆரணி ஆத்தங்கரைக்கு எச்சரிக்கைன்னு செய்தி வந்தா, அந்தப் பக்கத்து மலையெல்லாம் ஊறிக் கிடக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல சின்ன மழை பெஞ்சாலும் அப்படியே ஓடி வந்துடும். அந்த வாரம் அந்தத் திசையே வேணாம். எச்சரிக்கை இருக்கிற நாள்ல செக்போஸ்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, வேன் வாடகையும் தண்டம்.

ராயபுரம் ராக்கெட்
சார், நீங்க சொல்றதைப் பாத்தா நவம்பர்ல ராயபுரத்துல பால் வாங்கக்கூட வெளிய போகக்கூடாது. தண்ணி ஏறுறது சொல்லாமக் கொள்ளாம வராது. முதல்ல நிறம் மாறும், தெளிவா இருந்தது டீத்தண்ணி மாதிரி ஆகும். சருகும் குச்சியும் மிதந்து வரும். சத்தம் கனக்கும், மண்வாசம் அடிக்கும். இதுல ஒண்ணைப் பாத்தாலும் மேல ஏறிட வேண்டியதுதானே?

மேகம் பார்ப்பவன்
அடையாளம் எல்லாம் சரி. "மேல ஏறிடலாம்"ங்கறதுதான் இடிக்குது. ஏற இடம் இருக்கணுமே. ஓடையில நடக்கிறப்ப 50 அடிக்கு ஒருதடவை "இப்ப தண்ணி வந்தா எந்தப் பக்கம் ஏறுவோம்"னு பாத்துக்கிட்டே போகணும். ஏற வழியில்லாத சந்துல உக்காரவே கூடாது, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிறது அப்புறம். ஓடுறதா இருந்தா பக்கவாட்டுல மேல. வந்த வழியே கீழ ஓடினா தண்ணி முந்திக்கும். 12 வயசுப் பையனையும் 55 வயசுக்காரரையும் வச்சிக்கிட்டு ரெண்டே நிமிஷத்துல 15 அடி பாறை ஏறணும்னா, யோசிச்சுப் பாருங்க.

கயிறு காசிமேடு
ரெண்டு பேரும் மாசத்தைப் பிடிச்சுத் தொங்குறீங்க. மடுகுன்னா தெலுங்குல மடு, ஆழமாத் தண்ணி தேங்கி நிக்கிற பள்ளம். இடத்தோட பேர்லயே ஆபத்து எழுதியிருக்கு. வெள்ளம் வருஷத்துல சில நாள், மடு வருஷம் பூராவும் அங்கயே இருக்கும். ஜனவரியில தண்ணி தெளிஞ்சு கண்ணாடி மாதிரி ஆகும்போதுதான் எல்லாரும் தைரியமா இறங்குவாங்க. தெளிஞ்ச தண்ணியில ஆழம் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். ஆறடின்னு நினைச்சு இறங்கினா எட்டடி. அடியில கிடக்கிற பாறையும் இருக்கிற இடத்துல தெரியாது, அதனால தலைகீழாப் பாயுறது எந்த மாசமும் கிடையாது.

அருவி விழுற இடத்துல வெள்ளையா நுரைக்குதே, அது பாதி காத்து. காத்து கலந்த தண்ணி ஆளை மிதக்கவிடாது. சுழல் வேற அடிவரைக்கும் இழுத்துட்டுப் போய்த் திரும்ப அருவிக்குக் கீழயே கொண்டு வந்து விடும். குளிக்கணும்னா மடுவோட வாய்ப்பக்கம், தண்ணி வெளிய வழியுற விளிம்புல, இடுப்பளவுக்கு மேல போகாம.

ராயபுரம் ராக்கெட்
திருவொத்தியூர் பசங்கணா. கடல்ல குதிச்சு வளந்தவனுக்கு மடு ஒரு விஷயமா?

கயிறு காசிமேடு
கடல்ல பழகினவன்தான் மடுவுல ஏமாறுவான் தம்பி. கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அது 70 கிலோ ஆளை ஒன்றரைக் கிலோவுக்கு மேல தூக்கிக் குடுக்கும். கடல்ல மூக்கு வெளிய நிக்கிற அதே ஆளுக்கு மடுவுல மூக்கு உள்ள போகும். அலையும் இல்ல, காலுக்கு மணலும் இல்ல, கரை வழவழப்பான பாறை, பிடிக்க ஒண்ணும் கிடையாது. மூணு கிலோமீட்டர் பாறை தாவிட்டு சூடான உடம்போட குளிர்ந்த தண்ணியில பாஞ்சா ஆடுசதை இழுத்துக்கும்.

கொண்டு போக வேண்டியது இதுதான்: 5 லிட்டர் எண்ணெய் கேன் காலியா ரெண்டு, 15 மீட்டர் கயிறு ஒண்ணு. கயிறு பாலிபுரொப்பிலின் வாங்குங்க, அது மிதக்கும். நைலான் உறுதிதான், ஆனா மூழ்கிடும். போட்டுக்குக் கயிறு விக்கிற கடையில கேட்டாலே பிரிச்சுக் காட்டுவாங்க. கேன் கைப்பிடியில கயித்தைக் கட்டி, உள்ள அரை டம்ளர் தண்ணி ஊத்தி மூடியை இறுக்குங்க. வெறும் கேனை எறிஞ்சா காத்துல திரும்பி உங்க காலடியிலயே விழும், அந்த அரை டம்ளர்தான் அதைப் பறக்க வைக்கும். ஒரு கேன் ஏறக்குறைய 5 கிலோ தூக்கும், தலையை வெளிய வைக்க அது போதும். எறியறவன் கரையில உக்காந்துக்கணும், நின்னுக்கிட்டு இழுத்தா அவனும் உள்ள. காப்பாத்தப் போறேன்னு யாரும் குதிக்கக் கூடாது.

ராயபுரம் ராக்கெட்
இதை ஒத்துக்கிறேன். கயிறுதான் இருக்கே, ஓடையைக் கடக்கும்போது எல்லாரும் இடுப்புல ஒண்ணாக் கட்டிக்கிட்டா இன்னும் சேஃப்டி.

கயிறு காசிமேடு
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. ஓடுற தண்ணியில ஆளைக் கயித்துல கட்டினா, விழுந்ததும் கயிறு விறைக்கும், தண்ணி மேல இருந்து அழுத்தி ஆளை அடியில போட்டுடும். ஒருத்தன் வழுக்கினா பத்துப் பேரும் போவாங்க. கயிறு கையில பிடிக்கிறதுக்கும் எறியறதுக்கும்தான், உடம்புல முடிச்சு கிடையாது.

கடக்கிற முறை: ஒரு காஞ்ச சருகைப் போட்டு, 5 மீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணுங்க. 5 விநாடின்னா முட்டளவுத் தண்ணி காலை ஏறக்குறைய 6 கிலோ கனத்துல தள்ளும். ரெண்டரை விநாடின்னா வேகம் ரெண்டு மடங்கு, தள்ளுறது நாலு மடங்கு, 24 கிலோ ஆயிடும். மூணு விநாடிக்குள்ள போச்சுன்னா கடக்க வேணாம், திரும்பிடுங்க. கடக்கிறப்ப முகம் தண்ணி வர்ற பக்கம், கையில ஒரு கழி, கழியும் ரெண்டு காலும் மூணுல எப்பவும் ரெண்டு தரையில இருக்கணும். பையோட நெஞ்சுப் பட்டையைக் கழட்டி விடுங்க. விழுந்துட்டா எழுந்திருக்கப் பாக்காதீங்க. கால் கல்லிடுக்குல மாட்டும், தண்ணி ஆளைக் குப்புறத் தள்ளும். மல்லாந்து, காலை முன்னால நீட்டி, ஆழம் குறையுற இடம் வரைக்கும் மிதந்து போங்க.

பழவண்ணை
இந்த விவாதத்துல ஒரு அடிப்படைக் கேள்வி. குழந்தைகளும் பெரியவரும் இருக்கும்போது ஓடைதான் வேணுமா? பூண்டி பக்கம் கூடியம் குகை இருக்கு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபர்ல 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைன் பதிவு கொண்டுவந்ததே, அந்தப் பட்டியல்ல இருக்கிற பாதை. வழிகாட்டியும் கூட வருவார். கூழாங்கல் பதிஞ்ச பெரிய பாறைக்குடை, பழங்கற்கால மனுஷன் புழங்கின இடம். அப்படியே பூண்டி அகழ்வைப்பகமும் பாத்துட்டு வரலாம். மூழ்குறதுக்கு மடு கிடையாது.

ராயபுரம் ராக்கெட்
தண்ணி கேட்ட ஆளுக்கு குகை காட்டுறீங்களே பெருசு.

ஒத்தவாடை
கூடியம் நல்ல யோசனைதான், அதைத் தனியா ஒரு நாள் வச்சிக்கிறோம். பசங்க கேக்குறது அருவி. செருப்பா ஷூவா, அதைச் சொல்லுங்க. வீட்டுல ஒரே சண்டை.

பழவண்ணை
வீட்டுச் செருப்பு வேண்டவே வேண்டாம். பஞ்சு மாதிரி லேசா இருக்கிற அடிப்பாகம் ஈரப்பாறையில சோப்பு போட்ட மாதிரி போகும், ஓடையில கழண்டு மிதந்தும் போயிடும். மெத்துன்னு ரப்பர் அடி வச்ச பழைய கேன்வாஸ் ஷூதான் சரி. நனையப் போறதுன்னு தெரிஞ்சே போடுங்க. நனையக் கூடாதுன்னு கல்லுக்குக் கல் தாவுறதுலதான் கணுக்கால் பிசகும். பருத்தி சாக்ஸ் நனைஞ்சா தோலை உரிக்கும், மெல்லிசான சிந்தெடிக் சாக்ஸ் போடுங்க. மாத்திக்க ஒரு ஜோடி பாலிதீன் கவர்ல இருக்கட்டும்.

கறுத்து ஈரமா மினுக்குற பாறையில பாசி படிஞ்சிருக்கும். வெளுத்து, சொரசொரன்னு காஞ்ச பாறையில கால் வையுங்க. தண்ணிக்குள்ளன்னா கல் மேல வைக்காம ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற மணல்ல வையுங்க. இறங்கும்போது கூச்சப்படாம உக்காந்து சறுக்கலாம், பேன்ட் கிழிஞ்சா கிழியட்டும்.

மேகம் பார்ப்பவன்
அந்த "ஒரு மணி நேரம்" கணக்குக்கு வரேன். ரோட்டுல ஒரு மணிக்கு 4, 5 கிலோமீட்டர் நடக்கலாம். பாறை ஓடையில பத்துப் பேர் கும்பலுக்கு ஒண்ணு, மிஞ்சினா ஒன்றரை. மூணு கிலோமீட்டர்னா போக ரெண்டுல இருந்து மூணு மணி நேரம், திரும்பவும் அதே. கால் தளர்ந்து இறங்குறதால திரும்புறப்ப இன்னும் கொஞ்சம் கூடும். ஜனவரியில சூரியன் ஆறு மணி வாக்குல மறையும், பாறைச் சுவருக்குள்ள அஞ்சுக்கே மங்கிடும். அதனால 1 மணி ஆச்சுன்னா, அருவி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் திரும்பணும். இதை வேன்லயே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, அங்க போய்ச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி. ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர்ல கரைங்க, அரை லிட்டர்ல கெட்டியாக் கரைச்சுக் குடிச்சா தாகம்தான் கூடும். உள்ள சிக்னலை நம்ப வேணாம். செக்போஸ்ட் தாண்டுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தர்கிட்ட "ஏழு மணிக்குள்ள போன் வரலேன்னா 112-க்குப் பேசு"ன்னு சொல்லி வையுங்க.

ராக்கெட் சொன்னதுல பாதி உண்மைதான், நாள் போகப் போகத் தண்ணி குறையும், பிப்ரவரி தாண்டினா அருவி வெறும் ஒழுக்குதான். மார்ச்சுக்கு மேல சருகு காஞ்சு தீப்பயமும் சேரும், 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ யாருக்கும் மறந்திருக்காது. அதனால நவம்பரும் வேணாம், பொங்கல் கழியவும் காத்திருக்க வேணாம், ஜனவரி முதல் ரெண்டு வாரம்தான் தோது.

ராயபுரம் ராக்கெட்
என் ஓட்டு இன்னும் நவம்பருக்குத்தான், ஆனா பெரியவங்களும் பசங்களும் இருக்கிற கும்பலுக்கு விட்டுக்கொடுக்கிறேன். தேதி தள்ளிப்போனாலும் காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க, மெரினாவே தேவலாம்னு ஆயிடும். ரூட்டு: திருவொத்தியூர்ல இருந்து பொன்னேரி, பஞ்செட்டி ரோடு பிடிச்சா ஹைவேஸ்ல ஏறிக்கலாம், நல்லூர் டோல் மிச்சம். காலையில அஞ்சரைக்குள்ள மீஞ்சூர் தாண்டுங்க, இல்லேன்னா கன்டெய்னர் லாரி வாலைப் பிடிச்சிட்டேதான் போகணும். மஞ்சள் போர்டு வேன்னா ஆந்திரா பர்மிட் யார் செலவுன்னு வாடகை பேசும்போதே கேட்டுக்குங்க.

ஒத்தவாடை
ஜனவரி ரெண்டாவது ஞாயிறு, முடிவு பண்ணியாச்சு. ஒரு மணிக்குத் திரும்பணும்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டதுக்கே ரெண்டு பேர் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. கேன் நாளைக்கே எடுத்து வைக்கிறேன், வீட்டுல நல்லெண்ணெய் கேன்தான் இருக்கு.

கயிறு காசிமேடு
நல்லெண்ணெய் கேன்னா சுடுதண்ணி, சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவுங்க. பிசுக்கு இருந்தா ஈரக்கையில பிடி நிக்காது. வாசனை இருந்தா ஓடைக்குப் போறதுக்குள்ள குரங்கு பிடுங்கிடும்.