ஒன்றரை இட எடுப்பு பிடிபடவில்லை, உதவுங்கள்

வணக்கம். கோவையில் வாய்ப்பாட்டு கற்கிறேன். மூன்றாம் ஆண்டு, சுருதி ஐந்து கட்டை. தாளம் தொடங்கும் இடத்திலேயே (சமம்) பாட்டும் தொடங்கும் சம எடுப்புப் பாடல்களில் சிக்கலே இல்லை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் ஒன்றரை இடம் (ஒன்றரை எண்ணிக்கை) தள்ளி எடுக்கும் கீர்த்தனை ஒன்றில் இரண்டு மாதமாகத் திணறுகிறேன். பல்லவி சரியாக வருகிறது. அனுபல்லவி முடிந்து திரும்பும்போதுதான் வாய் தானாகச் சமத்திலேயே எடுத்துவிடுகிறது.

இவ்வகை எடுப்பான அநாகதம் என்றால் தாளம் முந்தி, பாட்டு பிந்தி என்பது புரிகிறது. அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நான்கு மாத்திரையாக ‘தகதிமி’ சொல்லி, ஆறு மாத்திரை விட்டு எடுத்துப் பார்த்தேன். மெட்ரோனோமை 60-இல் வைத்தும் பாடினேன், பதிவு செய்தும் கேட்டேன். விளம்ப காலத்தில் சரியாக நிற்கிறது, சற்று வேகம் கூட்டினால் தவறுகிறது.

அந்த ஆறு மாத்திரையில் நீங்கள் மனதுக்குள் எதைச் சொல்லிக் காத்திருப்பீர்கள்?