யாழினிக்கு எந்தக் கேமரா?

குழு: நம்ம வீடு

யாழினி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. சின்னதா ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன். லென்ஸ் மாத்துற வகை வேண்டாம், தோள்பையில எப்பவும் கிடக்கணும். ரா எடுக்கணும், அதாவது கேமரா தானா மெருகேத்தாத மூலப் படம். அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஷட்டர் (வெளிச்சம் விழற நேரம்) எல்லாம் நானே வைக்கணும். சுதா அத்தை, நீங்கதான் சொல்லணும்

பெரியப்பா: நல்ல விஷயம்மா. ஜூம் நிறைய இருக்கிறதா பாரு. என் நண்பர் ஒருத்தர்கிட்ட 30 மடங்கு ஜூம் உள்ளது இருக்கு. கைக்குள்ள அடங்கும். நிலாவை அவ்வளவு பக்கத்துல காட்டுது

கவின்: இப்ப ஃபோன்லயே ரா வருதே யாழு. ப்ரோ மோட்ல ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற அளவு) ரெண்டும் இருக்கு

சுதா அத்தை: கவின் சொல்றது உண்மைதான். ஆனா பெரும்பாலான ஃபோன்ல அப்பர்ச்சர் மாறாது, ஒரே அளவுதான். ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டும் வெச்சுக்கிட்டு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தலாம், பின்னணி எவ்வளவு தெளிவா இருக்கணும்னு முடிவு பண்ண முடியாது

சுதா அத்தை: யாழினி, முதல்ல நீ என்ன எடுக்கப் போறேன்னு சொல்லு

யாழினி: தெரு, ஜனங்க முகம். சாயங்கால நேரம், வீட்டுக்குள்ள ஜன்னல் வெளிச்சம். பறவையெல்லாம் இல்ல அத்தை. ஃபோன்ல எடுத்தா இருட்டா இருக்கிற இடத்தையும் அதுவே வெளிச்சமாக்கிடுது. எனக்கு அந்த இருட்டு வேணும்

சுதா அத்தை: இந்தப் பதில் போதும், பாதிக் கேமராவைத் தள்ளிடலாம்

சுதா அத்தை: அண்ணா, அந்த 30 மடங்கு ஜூம் பகல்ல நல்லா எடுக்கும். ஆனா அந்த வகையில வெளிச்சத்தைப் பதியற சென்சார் சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர்தான். ஒரு இன்ச் சென்சார்னு சொல்றாங்களே, அது 13.2 × 8.8, இன்ச்ங்கிறது பேருக்குத்தான். பரப்பளவுல நாலு மடங்கு. சாயங்காலம் முகம் எடுக்கிறவளுக்கு அந்த நாலு மடங்குதான் முக்கியம். அந்தச் சின்ன சென்சார்லயும் சில கேமரா ரா தரும். ஆனா இருட்டுப் பகுதியை இழுத்தா புள்ளி புள்ளியா நாய்ஸ்தான் வரும்

பெரியப்பா: அப்போ மெகாபிக்சல்?

சுதா அத்தை: 12 மெகாபிக்சல்னா 4000 × 3000. ஏ4 அளவுல அருமையா அச்சு போடலாம். இப்ப வர்ற பெரும்பாலானதுல அதுக்கு மேலதான். அதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்ணா

அம்மா: சுதா, ரா எடுத்தா ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர்ல உட்காரணுமாமே? எடுத்த உடனே குழுவுல போட முடியாதா?

சுதா அத்தை: போடலாம் அண்ணி. ரா, ஜேபெக் (ஃபோன்ல வர்ற சாதாரணப் படம்) ரெண்டும் சேர்த்துப் பதிய வைக்கலாம். ஜேபெக்கை உடனே அனுப்பிடலாம், பிடிச்ச படத்தோட ராவை மட்டும் பொறுமையா வேலை பார்க்கலாம். ரிக்கோ ஜிஆர் மாதிரி சிலதுல கேமராவுக்குள்ளேயே ராவை ஜேபெக்கா மாத்துற வசதியும் இருக்கு. டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் இலவச மென்பொருள், யாழினி லேப்டாப்ல போட்டுக்கலாம்

கவின்: அத்தை, ராவுல உண்மையா என்ன கூடுதலா கிடைக்குது? ஃபைல் சைஸ் பெரிசுங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்

சுதா அத்தை: ஜேபெக்ல ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலை. 12 பிட் ராவுல 4096, 14 பிட்ல 16384. ஜன்னல் ஓரத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்கன்னு வை. முகத்தோட நிழல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினா ஜேபெக் பட்டை பட்டையா உடையும். ராவுல தோலோட நிறம் தோலாவே இருக்கும். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாத் தெரிய நிறத்தைச் சரிபண்றது) தப்பா வெச்சிருந்தாலும் கவலை இல்ல, ராவுல அது ஒரு குறிப்பு மட்டும்தான், பின்னாடி மாத்திக்கலாம்

சுதா அத்தை: ஆனா ஒண்ணை மறக்காதே. சென்சார்ல வெள்ளையா எரிஞ்சுபோன இடம் ராவுலயும் திரும்பி வராது. அதனால ஜன்னலைப் பார்த்து எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்ச அளவு) வை, முகத்தை அப்புறம் தூக்கு. கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) ஜேபெக்கை வெச்சு வர்றது, ராவுல அதைவிடக் கொஞ்சம் இடம் இருக்கும்

யாழினி: புரியுது அத்தை. நான் ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல், கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2. ரெண்டும் ஒரு இன்ச், ரெண்டும் எஃப் 1.8, ரெண்டுலயும் ரா. வித்தியாசமே தெரியல

சுதா அத்தை: எஃப் எண் லென்ஸ் திறப்போட அளவு, எண் சின்னதானா திறப்பு பெரிசு. எஃப் 1.8ங்கிறது ஜூம் பண்ணாத நிலையில. முழு ஜூம்ல என்ன ஆகுதுன்னு பாரு. சோனி அந்த 2012 மாடல் 100 மில்லிமீட்டர்ல (இந்த எண் கூடினா தூரத்துல இருக்கிறது பக்கத்துல தெரியும்) எஃப் 4.9க்குப் போயிடும். கேனன் அதே 100ல எஃப் 2.8. உள்ள வர்ற வெளிச்சம் மூணு மடங்கு. சோனிக்கு ஐஎஸ்ஓ 3200 வேணும்கிற இடத்துல கேனனுக்கு 1000 போதும். முகம் எடுக்கிறவ நீ, ஜூம் பண்ணித்தான் எடுப்ப. எஃப் எண் ரெண்டு இருக்கும், ரெண்டாவதைப் படி. சோனியே 2014ல மூணாவது மாடல்ல 24-70 லென்ஸை எஃப் 1.8-2.8 ஆக்கிட்டாங்க

பெரியப்பா: அட, இது எனக்கும் புதுசு

சுதா அத்தை: இப்போ மேனுவல் விஷயம். இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். எம் மோட் (எல்லாத்தையும் நாமளே வைக்கிறது) இருந்தா மட்டும் அது கைக்கு வந்த கட்டுப்பாடு ஆகாது. ஷட்டரை மாத்த மெனுவுக்குள்ள போகணும்னா நீ ஒரு வாரத்துல ஆட்டோவுக்குத் திரும்பிடுவ. தெருவுல ஒருத்தர் சிரிக்கிற நேரம் அரை நொடி. விரல் தானா போகணும்

சுதா அத்தை: ஒரு சோதனை. கேமராவைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ல இருக்கிறவரை மட்டும் பாரு. கண்ணை எடுக்காம அப்பர்ச்சர், ஷட்டர், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா வெச்ச வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது) மூணையும் மாத்து. முடியலைன்னா அது உனக்கான கேமரா இல்ல

யாழினி: லென்ஸைச் சுத்தி வளையம் இருக்குமே, அது நல்லதா?

சுதா அத்தை: ரொம்ப நல்லது. கேனன் எஸ்90 2009ல அப்படி வந்ததுலேருந்து நிறையப் பேர் வெச்சாங்க. ஜி7 எக்ஸ் மார்க் 2ல அந்த வளையத்தை 'டிக் டிக்'னு படியா திருப்பலாம், வழவழன்னும் திருப்பலாம். கட்டை விரல் பக்கம் காம்பன்சேஷன் டயல் தனியா இருக்கு. பிரமாதமான விஷயம் பானாசோனிக் எல்எக்ஸ்100. அதுல லென்ஸ் மேல அப்பர்ச்சர் எண்ணே எழுதியிருக்கும், மேல ஷட்டர் டயல். ரெண்டுலயும் ஏ-ன்னு இருக்கிற இடத்துல வெச்சா கேமராவே பார்த்துக்கும். ஆஃப்ல இருக்கும்போதே எது எதுல இருக்குன்னு தெரியும். கத்துக்கிறவங்களுக்கு இதைவிடத் தெளிவா எதுவும் இல்ல

கவின்: சென்சார்?

சுதா அத்தை: ஃபோர் தேர்ட்ஸ்ங்கிற அளவு. லென்ஸ் அதை முழுசாப் பயன்படுத்தாது, அப்படியும் ஒரு இன்ச்சைவிடப் பெரிசு. 24-75, எஃப் 1.7-2.8. கண்ணை வெச்சுப் பார்க்கிற வியூஃபைண்டர் உள்ளேயே இருக்கு, வெயில்ல அது இல்லாம கஷ்டம். குறைன்னா தடிமன். சட்டைப்பையில நுழையாது. ஸ்கிரீன் திரும்பாது. 2018ல வந்த மார்க் 2ல 17 மெகாபிக்சல், தொடுதிரை

யாழினி: ரிக்கோவும் ஃபுஜியும்?

சுதா அத்தை: ஜிஆர் 3 சுமார் 260 கிராம்தான், ஆனா உள்ள பெரிய கேமராவுல இருக்கிற ஏபிஎஸ்-சி சென்சார். ரா டிஎன்ஜி-ல வரும், பெரும்பாலான ரா மென்பொருள் திறக்கும். ஸ்னாப் ஃபோகஸ்னு தூரத்தை முன்னாடியே வெச்சு, ஃபோகஸுக்குக் காத்திராம அழுத்தலாம். ஜூம் கிடையாது, வியூஃபைண்டர் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது. 28 மில்லிமீட்டர் மட்டும். 2021ல வந்த 3எக்ஸ் 40. ஃபுஜி எக்ஸ்100 வரிசை அழகு, டயலெல்லாம் அருமை, ஆனா நீ கேட்ட சின்ன கேமரா அது இல்ல

சுதா அத்தை: ஒரு வேலை பண்ணு. உன் ஃபோன்ல இருக்கிற முகப் படங்களை எடுத்துப் பாரு. ஃபோன் லென்ஸ் 24, 26 மில்லிமீட்டர் மாதிரி. நீ எவ்வளவு வெட்டி வெச்சிருக்க?

(கொஞ்ச நேரம் கழித்து)

யாழினி: பார்த்தேன் அத்தை. முகம் எல்லாமே அகலத்துல பாதியா வெட்டியிருக்கேன். தெருப் படம் மட்டும் வெட்டாம இருக்கு

சுதா அத்தை: பாதின்னா 50 பக்கம் வருது. அப்போ ஜிஆர் 3 உனக்கு ஒத்துவராது. 3எக்ஸ் வரும், ஆனா தெருவை அகலமா எடுக்கிறது போயிடும். எனக்கு எல்எக்ஸ்100 மார்க் 2தான் தோணுது. பை உன்கிட்ட இருக்கு, தடிமன் பிரச்சினை இல்ல. 3எக்ஸ், எல்எக்ஸ்100 மார்க் 2 ரெண்டையும் கையில பிடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணு

அம்மா: அது பழைய மாடலாச்சே சுதா, யாரோ வெச்சிருந்ததுதானே கிடைக்கும்?

சுதா அத்தை: பரவாயில்ல அண்ணி, ஒரு சோதனை பண்ணிட்டு வாங்கலாம். வெள்ளைச் சுவரை எஃப் 16ல எடுத்துப் பெரிசாக்கிப் பார்க்கணும். மங்கலா கருப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி. இந்த மாதிரிக் கேமராவுல லென்ஸைக் கழட்டி நாமளா துடைக்க முடியாது. அப்படி இருந்தா வேண்டாம்னு திரும்பி வந்துடுங்க

சுதா அத்தை: யாழினி, உன் மெமரி கார்டைக் கொண்டுபோ. முழு ஜூம், ஐஎஸ்ஓ 3200, வெளிச்சம் குறைஞ்ச மூலை, ரா. அதே மாதிரி அகலமா ஒண்ணு. வீட்டுக்கு வந்து டார்க்டேபிள்ல திற. அகலமான படத்துல ஓரம் வளைஞ்சு தெரிஞ்சா பயப்படாதே, லென்ஸ் கரெக்‌ஷன் போட்டா நேராகும். இந்த மாதிரி லென்ஸை மென்பொருள் சரிபண்ணும்னு வெச்சுத்தான் வடிவமைக்கிறாங்க

பெரியப்பா: நானும் கூட வரேன். முகம் எடுத்துப் பார்க்க ஆள் வேணுமே

யாழினி: வாங்க பெரியப்பா, மூலையில உட்கார வெச்சு எடுக்கிறேன். அத்தை, ரெண்டாவது பேட்டரி இப்பவே சேர்த்து வாங்கணுமா?

சுதா அத்தை: ஜிஆர் 3எக்ஸ்னா கட்டாயம், ஒரு சார்ஜுக்கு சுமார் 200 படம்தான். எல்எக்ஸ்100 மார்க் 2னா அப்புறம் பார்த்துக்கலாம். எடுத்த ரா ஃபைலை எனக்கும் அனுப்பு. வாட்ஸ்அப்ல படமா போடாதே, சுருக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பு