மணியாச்சியில் கழற்றிய பெட்டிகள்: லிங்க் ரயிலில் உங்களுக்கு என்ன நடந்தது?

முத்துநகர்வாசி:
எழும்பூரிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டிகளும் சேர்ந்து வந்துகொண்டிருந்த காலம். வாஞ்சி மணியாச்சியில் அவற்றைக் கழற்றித் தூத்துக்குடிக்கு விடுவார்கள், மற்ற பெட்டிகள் திருநெல்வேலி வழியாகப் போய்விடும். லிங்க் ரயில் என்பது இதுதான், நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கழற்றி முடிந்து, குருவாயூர் வண்டி ஹாரன் அடிக்கிற நேரத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து இறங்கி ஓடி வருகிறார்கள். தாங்கள் உட்கார்ந்திருந்தது தூத்துக்குடி போகாத பெட்டி என்று அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவைக் கையைப் பிடித்து எங்கள் பெட்டியில் ஏற்றிவிட்டேன். பெரியவருக்கு விட்டுவந்த மூட்டை ஞாபகம் வந்து திரும்பிப் போனார். “ஐயா, வேண்டாம், வாங்க” என்று கத்தினேன். அவர் பழைய பெட்டியில் ஏறவும் குருவாயூர் வண்டி நகரவும் சரியாக இருந்தது. “டிக்கெட்டு அவுக கிட்டதான் இருக்கு, அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது தம்பி” என்று அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தூத்துக்குடியில் மகன் வந்து அம்மாவை அழைத்துப்போனார். பெரியவர் திருநெல்வேலியில் இறங்கினாரா, யாராவது உதவினார்களா, எதுவும் தெரியாது. 2020 கொரோனாவில் நின்ற அந்த லிங்க் திரும்ப வரவே இல்லை. இவ்வளவு நடந்தும் அது வேண்டும் என்றுதான் சொல்வேன், பகலில் எழும்பூரில் ஏறினால் மாறாமல் ஊர் வந்து சேர எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

நிலம்பூர்_தமிழன்:
முத்துநகர்வாசி அண்ணே, வருத்தமாக இருக்கிறது, ஆனால் அதே லிங்க்கைத் திரும்பக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பு கேரளத்தில் திருவனந்தபுரத்திலிருந்து அம்ரிதா எக்ஸ்பிரஸும் ராஜ்யராணி எக்ஸ்பிரஸும் ஒரே வண்டியாக வந்து ஷொர்ணூரில் பிரியும், அது பாலக்காட்டுக்கு, இது நிலம்பூருக்கு. விடியற்காலையில், பாலக்காட்டுப் பாதையில் இருக்கும் ஒட்டப்பாலத்தில் எதிர் சீட்டுப் பெண் விழித்து ஸ்டேஷன் பலகையைப் பார்த்த முகம் எனக்கு மறக்காது. அன்றைக்குக் காலையில் அவளுக்கு நிலம்பூரில் வேலைக்கான நேர்முகம். அழக்கூட இல்லை, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். 2019 மே மாதம் இரண்டையும் பிரித்துத் தனித்தனி ரயிலாக விட்டார்கள். ராஜ்யராணி திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுவேலியிலிருந்து கிளம்பும்படி மாறியது, சிலருக்கு அது சிரமம்தான். ஆனால் பெட்டி மாறி உட்கார்ந்து வேறு ஊர் போய்ச் சேரும் பயம் போய்விட்டதே. கேட்டால் தனி ரயில் கேளுங்கள்.

கோவில்பட்டிக்காரன்:
தனி ரயில் கேட்டால் உடனே கிடைத்துவிடுமா? தூத்துக்குடி-கோவை லிங்க்கும் இதே மணியாச்சியில்தான் நாகர்கோவில் வண்டியோடு சேர்ந்தது, அதுவும் போச்சு. 2024 ஜூலையில் தூத்துக்குடி-மேட்டுப்பாளையம் ரயில் விட்டார்கள், நல்ல விஷயம், ஆனால் வாரம் இரண்டு நாள்தானே. அப்புறம் ஒன்று, மணியாச்சியில் ரயிலுக்காகக் காத்திருப்பது இன்று நேற்று வந்ததில்லை. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது, ஆஷ் திருநெல்வேலியிலிருந்து வந்து தூத்துக்குடி போட் மெயிலுக்காக அங்கேதான் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

ரயில்பித்தன்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். மதுரை-குருவாயூர் வண்டியில் கோட்டயத்தில் இறங்க வேண்டிய ஒரு பாட்டி, செங்கோட்டை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். முன்பு அங்கே மாற வேண்டும், அந்தப் பழக்கம். இருங்க பாட்டி, இதே வண்டிதான் போகும் என்று சொல்லி உட்கார வைத்தோம். 2023 ஆகஸ்டில் துண்டு துண்டாக ஓடிய ரயில்களைச் சேர்த்து ஒன்றாக்கிய வண்டி அது. மயிலாடுதுறை-சேலம் வண்டியும் அதே மாதம் அப்படித்தான் வந்தது, திருச்சியிலும் கரூரிலும் மாறுவது மிச்சம்.

சண்டை வேண்டாம், லிங்க் ஏன் குறைகிறது என்று மட்டும் சொல்கிறேன். ஐசிஎஃப் எனும் பழைய வகைப் பெட்டிகள் பலவற்றில் விளக்குக்கும் ஃபேனுக்கும் மின்சாரம் அந்தந்தப் பெட்டிக்கு அடியிலேயே உற்பத்தியாகும், எங்கே வெட்டினாலும் ஓடும். எல்எச்பி எனும் புது வகைப் பெட்டித் தொடரில் பெரும்பாலும் கோடியில் இருக்கும் பவர் காரோ (ஜெனரேட்டர் பெட்டி) எஞ்சினோதான் எல்லாப் பெட்டிக்கும் மின்சாரம் தருகிறது, நடுவில் வெட்டினால் பிரிகிற பாதிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். பெட்டிகளைக் கழற்றி மாட்டும் ஷண்டிங்குக்கு எஞ்சின், ஆள், பிளாட்பார நேரம் எல்லாம் தனி. இரண்டு வண்டி சேர வேண்டிய இடத்தில் ஒன்று தாமதமானால் மற்றதும் நிற்கும். இன்னும் லிங்க் ரயிலில் போகிறவர்கள் ஏறும்போதே பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர் பெயரைப் படியுங்கள், டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். வயதான இருவர் துணையில்லாமல் போனால் டிக்கெட்டை ஒருவரிடமே கொடுக்காதீர்கள், ஆளுக்கொரு டிக்கெட் எடுங்கள். வீட்டு நம்பரை ஒரு சீட்டில் எழுதி இரண்டு பேர் பையிலும் வையுங்கள். சந்தேகம் என்றால் ரயில்வே உதவி எண் 139.

முத்துநகர்வாசி:
ஆளுக்கொரு டிக்கெட் சரிதான். ஆனால் நிலம்பூர் தம்பி, உங்களுக்குத் தனி ரயில் கிடைத்த பிறகு லிங்க் போனது. எங்களுக்கு லிங்க் போய்விட்டது, பகல் ரயில் இன்னும் வரவில்லை.