வலை பின்னுவதால் வந்த கழுத்துவலி: சுளுக்கு எடுத்தால் போதுமா, பயிற்சியும் வேண்டுமா?

கேள்வி (தங்கச்சிமடம்):
என் தந்தை விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாததால், நாள் முழுவதும் தரையில் அமர்ந்து, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, குனிந்தபடியே கிழிசல்களைப் பின்னுகிறார். பிடரியில் தொடங்கும் வலி இப்போது வலது தோள்பட்டைக்கு இறங்குகிறது. ஊரில் சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் தேய்த்து, கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார். அன்றைக்குச் சுகமாக இருக்கிறது. மறுநாள் வலை முன் உட்கார்ந்ததும் வலி திரும்பிவிடுகிறது. இதையே தொடரலாமா?

பதில் (இயன்முறை சிகிச்சையாளர், இராமநாதபுரம்):
தம்பி, அவருக்கு விரல்கள் மரத்துப்போகின்றனவா, வலை ஊசி பிடி நழுவுகிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறாரா என்று முதலில் பாருங்கள். நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை, காய்ச்சல், அண்மையில் விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கழுத்தைச் சட்டென்று திருப்புவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. அரிதாகத்தான் என்றாலும், அப்படித் திருப்பும்போது அவற்றின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. பயின்றவர் மூட்டுகளை மெதுவாக அசைத்தும் தசைகளை அழுத்தியும் செய்யும் கைச்சிகிச்சை வேறு. அது வலியைக் குறைத்துக் கழுத்தை அசைய விடும்; ஆனால் தலையைத் தாங்கும் வலுவைத் தராது. அந்த வலுவைப் பயிற்சிதான் தரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்கிறோம்.

நிமிர்ந்து அமர்ந்து, பார்வையை நேராக வைத்து, தாடையைப் பின்னோக்கி இழுத்து 5 விநாடி நிறுத்தட்டும், 10 முறை. அடுத்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ள வேண்டும், தலை அசையக்கூடாது. இப்படியே பக்கவாட்டிலும் பின்புறமும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மரத்துப்போதல் இல்லை, பிடியும் உறுதியாக இருக்கிறது. ஆனால் பயிற்சி செய்தால் கொஞ்சம் வலிக்கிறது என்கிறார்.

இன்னொரு பதில் (பாம்பன்):
நானும் வலை பின்னுகிறவன்தான். இரண்டு கம்பங்களுக்கு இடையே கயிறு கட்டி, வலையை நெஞ்சளவில் தொங்கவிட்டு, முக்காலியில் அமர்ந்து பின்னச் சொல்லுங்கள். தரையில் குனிந்துகொண்டே இருந்தால் எந்த வைத்தியமும் நிற்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும்.

பதில் (இயன்முறை சிகிச்சையாளர்):
அண்ணன் சொன்ன மாற்றத்தை இன்றே செய்யுங்கள். பயிற்சியின்போது தோன்றும் இலேசான வலி சிறிது நேரத்தில் அடங்கினால் தொடரலாம். கைக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தடைக்காலம் முடிந்ததும், இருபக்கமும் தலையைத் தடையின்றித் திருப்ப முடிந்தால் கடலுக்குப் போகட்டும். தொடக்கத்தில் வலை இழுக்கும் வேலையை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், பயிற்சியை விட்டுவிடக்கூடாது.