ஆர்வி பயணம்: டோல் சாலையா, சுற்று வழியா?

கேள்வி: சிகாகோவிலிருந்து வாஷிங்டன், அப்புறம் நியூயார்க். எங்கள் ஆர்வியில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) குடும்பத்தோடு போகிறோம், பின்னால் காரையும் இழுத்துச் செல்வோம். டோலைத் தவிர்க்கலாமா?

பதில் 1: முழுக்கத் தவிர்க்க வேண்டாம். பல டோல்களில் வண்டியின் சக்கர அச்சு எண்ணிக்கைதான் கணக்கு. காரின் 2 அச்சும் சேரும். அதனால் முடிந்தால் வீட்டில் ஒருவர் தனியாகக் காரை ஓட்டி வரட்டும் என்றுகூடச் சொல்வேன், ஆனால் அலுப்பு அதிகம். ஈஸிபாஸ் (டோலைத் தானாகக் கழிக்கும் மின்னணு அட்டை) கட்டாயம் வாங்குங்கள். இந்தியானா, ஒஹாயோ, பென்சில்வேனியா மூன்றிலும் செல்லும். அது இல்லாவிட்டால் பென்சில்வேனியாவில் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பும் பில் ரொம்ப அதிகம்.

பதில் 2: டோலைவிட முக்கியமான விஷயம், உங்கள் கேஸ் சிலிண்டர். வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போகும் வழியில், பால்டிமோரில் ஐ-95 நெடுஞ்சாலை போகும் சுரங்கப்பாதையில் ஆர்வி அளவு புரோப்பேன் கேஸுக்கு அனுமதி இல்லை. சிலிண்டரை மூடிவைத்தாலும் செல்லாது. மாற்று வழியாகக் கிழக்கே இருந்த கீ பாலம் 2024இல் இடிந்துவிட்டது. ஆகவே ஊரைச் சுற்றும் ஐ-695 சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்றுங்கள். சாதாரண மேப் இதைச் சொல்லாது. வண்டியின் உயரம், கேஸ் இரண்டையும் பதிந்தால் அதற்கேற்ப வழி சொல்லும் ஆர்வி ஜிபிஎஸ் போடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி அக்கா! நியூயார்க்கில்?

பதில் 2: சாலைக்கு பார்க்வே என்று பெயர் இருந்தால் உள்ளே திரும்பவே திரும்பாதீர்கள், தம்பி. பாலங்கள் தாழ்வு, கூரை ஏசி முதலில் போய்விடும்.