வாதாபி, காஞ்சி, திருப்புறம்பியம்: நேரில் போனவர்கள் சொல்லுங்கள்

சாளுக்கியரின் தலைநகராக இருந்த வாதாபிக்கு, அதாவது இன்றைய பாதாமிக்குப் போகிறவர்கள் குடைவரைகளைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் தேடிப் போனது ஒரு பாறையை. 642இல் ஊரைப் பிடித்த நரசிம்மவர்ம பல்லவன், எதிரியின் தலைநகரிலேயே வெட்டி வைத்த கல்வெட்டு. பாதி சிதைந்து கிடக்கிறது. வழிகாட்டிக்கு அதில் அக்கறையே இல்லை. மூன்றாம் குகையில் சாளுக்கிய மன்னன் மங்களேசனின் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டைத்தான் பெருமையாகக் காட்டினார். அதுவும் நியாயம்தான். பல்லவர் அங்கே இருந்தது சுமார் 12 ஆண்டுகள். சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தன் ஊரை மீட்டுவிட்டான்.

—

மேலே எழுதியவருக்கு: அந்தப் பல்லவன் கல்வெட்டுக்கான பதில், பல்லவர் தலைநகர் காஞ்சியில் இருக்கிறது. கைலாசநாதர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு! சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து, கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு, கைவைக்காமல் இறைவனுக்கே விட்டுவிட்டதாகச் சொல்கிறது. அப்புறம் பாதாமி பக்கத்தில் இருக்கும் பட்டதக்கல் போனேன். அவன் காஞ்சியை மூன்று முறை வென்றதற்காக அரசி லோகமகாதேவி எழுப்பிய விருபாட்சர் கோயில், காஞ்சியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. கட்டிய குண்டன் அனிவாரிதாசாரியின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. ராஜாக்களை விட அந்தப் பெயர்தான் எனக்கு மனசில் நின்றது.

கூத்து என்னவென்றால், இத்தனை வெற்றிக்குப் பிறகு மகன் கீர்த்திவர்மனோடு வம்சமே முடிந்துபோனது. 753 வாக்கில் அவனைக் கவிழ்த்தவன் பல்லவன் அல்ல. சாளுக்கியருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த இராட்டிரகூடன் தந்திதுர்க்கன்.

—

எங்கள் பக்கமும் இதே கதைதான். கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தில் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் இடத்தில்தான் வரகுண பாண்டியன் தோற்றான், கங்க மன்னன் பிருதிவீபதி மாண்டான். ஜெயித்தது அபராஜித பல்லவன். பலன் போனதோ, பல்லவருக்குக் கீழே இருந்து கூட வந்த ஆதித்த சோழனுக்கு! சில ஆண்டுகளில் அபராஜிதனையே கொன்று தொண்டை நாட்டை எடுத்துக்கொண்டான்.

—

தந்திதுர்க்கன் வம்சம் மட்டும் தப்பியதா? அதையும் 973இல் முடித்தவன் அவர்களுக்குக் கீழே இருந்த தைலப்பன்தான், தன்னைப் பழைய சாளுக்கிய வழி என்று சொல்லிக்கொண்டு. இராட்டிரகூடர் தலைநகரம் மான்யகேடம் இன்று கலபுரகி மாவட்டத்தில் மால்கேட். பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டால் சிமெண்ட் ஆலைக்குத்தான் வழி சொல்கிறார்கள். 972இல் பரமார மன்னன் சீயகன் வந்து ஊரைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தான். தைலப்பனுக்கு வேலை சுலபமாகிவிட்டது.