பக்கத்துத் தோட்டத்து றிமோட்டுக்கு என் மோட்டரும் ஓடுகிறது

புத்தூர்த் தோட்டக்காரன்:
வெங்காயத்துக்கு இறைக்கும் கிணற்று மோட்டருக்கு கோட் அனுப்பும் எச்டி12இ (HT12E) சிப் போட்ட றிமோட் பூட்டி ஒரு வருசம். நேற்றுப் பின்னேரம் அடுத்த தோட்டக்காரர் தன் மோட்டரைப் போட, என்னுடையதும் சேர்ந்து ஓடியது. சித்திரை வெயிலில் தண்ணி அடியில் கிடக்கிறது. கொஞ்சம் பிந்தியிருந்தால் காற்றை இழுத்துச் சீல் கருகியிருக்கும். வேறு சிப்புக்கு மாறவா?

மின்கம்பி:
மாறுங்கள் அண்ணை. அதில் முகவரிக்கு, அதாவது றிமோட்டும் மோட்டர்ப் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் எண்ணுக்கு, 8 பிட்தான் (எட்டு இடம், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1), மொத்தமே 256 முகவரி. எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பிப் பார்க்க அரை நிமிடம் காணும். மாறும் கோட் அனுப்பும் எச்சிஎஸ்301 (HCS301) சிப் போடுங்கள். ஒரு அழுத்தலுக்கு 66 பிட் போகும், அதில் 32 பிட் மறையாக்கியது, தடவைக்குத் தடவை மாறும். ஒருவன் பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பினாலும் றிசீவர் ஏற்காது.

பழைய சோல்டர்:
தம்பி, அண்ணையின் மோட்டரை ஒருத்தரும் களவாக ஓட்டவில்லை. இரண்டு தோட்டத்திலும் ஒரே முகவரி, அவ்வளவுதான். பூட்டுகிறவர்கள் சிப்பில் முகவரி வைக்கும் 1 முதல் 8 வரையுள்ள கால்களை அப்படியே 9ஆம் காலோடு, அதாவது கிரவுண்டோடு, சேர்த்து ஈயம் வைத்துவிட்டுப் போகிறார்கள். எத்தனை பெட்டி திறந்து பார்த்துவிட்டேன்! கிரவுண்டில் தொட்ட கால் 0, சும்மா விட்ட கால் 1. றிமோட்டில் இருக்கும் எச்டி12இயிலும் மோட்டர்ப் பெட்டியில் இருக்கும் எச்டி12டியிலும் (HT12D) ஏதாவது சில கால்களை, இரண்டிலும் ஒரே கால்களாகப் பார்த்து, பிரித்துவிடுங்கள். முகவரி மூன்று தரம் ஒத்துவந்தால்தான் எச்டி12டி அசையும். வேலை பத்து நிமிடம்.

மின்கம்பி:
காலைப் பிரித்தாலும் கோட் மாறாத கோட்தானே? 433 மெகாஹெர்ட்ஸ் றிசீவர் ஒன்று வைத்திருப்பவன் அதைப் பதிவு செய்துவிடுவான். நாளைக்கு இதே செற்றைக் கேற்றுக்கும் பூட்டுவீர்கள்.

பழைய சோல்டர்:
கேற்றுக்கு நானும் மாறும் கோட்தான் பூட்டுவேன், அதில் உங்களோடு சண்டை இல்லை. அதுவும் உடையாத பூட்டு அல்ல: 2008 இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆய்வாளர்கள், சிப் இழுக்கும் மின்சாரத்தை அளந்தே கீலொக்கின் (KeeLoq, எச்சிஎஸ்301 பாவிக்கும் மறையாக்க முறை) சாவியை, அதாவது இரகசிய எண்ணை, எடுத்துக் காட்டினார்கள். ஆனால் தோட்டத்து மோட்டர் வேறு கதை. எச்சிஎஸ்301க்கு எதிர்ப்பக்கத்தில் சாவி ஏற்றிய மைக்ரோகொன்ட்ரோலர் (நிரல் எழுதிய சிப்) வேண்டும். இறைப்பு நேரத்தில் அது பழுதானால் ஊரில் யார் திருத்துவது? எச்டி12டி என்றால் சோல்டர் பிடிக்கத் தெரிந்த பொடியனே மாற்றிவிடுவான். அப்புறம், வெறுங்கிணற்றில் மோட்டர் ஓடுவதை எந்தச் சிப்பும் தடுக்காது. மிதவைச் சுவிட்ச் ஒன்று போடுங்கள் அண்ணை, முதலில் அதைப் போடுங்கள்.

புத்தூர்த் தோட்டக்காரன்:
திறந்து பார்த்தேன். எட்டுக் காலும் ஒரே ஈயக்கோடு! 2, 5, 7 மூன்றையும் இரண்டு பக்கமும் பிரித்தேன். அடுத்த தோட்டக்காரர் வரம்பில் நின்று அழுத்தினார், என் மோட்டர் அசையவில்லை. மிதவைச் சுவிட்சுக்கு நாளைக்குச் சுன்னாகம் போகிறேன்.

மின்கம்பி:
சரி அண்ணை. கேற்றுக்கு மட்டும் இதைப் பூட்டிவிடாதீர்கள்.